பாசாவ் – வியன்னா சைக்கிள் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எந்தக் கரையில் ஓட்டலாம்

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றை ஒட்டிப் போகும் ஏழு இரவு சைக்கிள் பேக்கேஜைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. பெயர்தான் வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இருவருக்கு ஓர் அறை, காலைச் சாப்பாடு, பெட்டியை அடுத்த ஓட்டலில் சேர்ப்பது, வாடகைச் சைக்கிள், வரைபடம் அல்லது மொபைல் ஆப், அவசரத்துக்கு ஒரு போன் நம்பர். வழிகாட்டி கூட வரமாட்டார். கணவனும் மனைவியும் தங்கள் போக்கில் ஓட்ட ஏற்ற பாதை. சுமார் 320 கி.மீ. தூரத்துக்கு ஆறு இறங்குவது 150 மீட்டருக்கும் குறைவு. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் முதுகில் தள்ளும். இதே காரணத்தால், வியன்னாவில் கிளம்பி மேற்கே போகும் பேக்கேஜ் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கொடுக்கும் காசு அறைக்கும் பெட்டிக்கும் தகும். வழியில் இருப்பவை பெரும்பாலும் சின்ன ஊர்கள். கோடை வார இறுதியில் ஒரே ஓர் இரவுக்கு அறை தேடி அலைவது வீண் வேலை. நிறுவனங்கள் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும். பெட்டி விஷயத்தில் வழக்கமான விதி, தலைக்கு ஒன்று, 20 கிலோவுக்குள். காலை ஒன்பதுக்கு முன் ரிசப்ஷனில் வைத்துவிட வேண்டும், மாலை ஆறுக்குள் அடுத்த ஊரில் இருக்கும். ஆனால் தூரம் குறைவான நாட்களில் நீங்கள் மதியம் இரண்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், பெட்டி வந்திருக்காது. மாற்றுத் துணி ஒரு செட், மருந்து, பாஸ்போர்ட், இ-பைக் சார்ஜர் எல்லாம் கேரியர் பையில் இருக்கட்டும்.

ஷெங்கன் விசா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மியூனிக்கில் இறங்கினாலும், அதிக இரவுகள் ஆஸ்திரியாவில் என்றால் ஆஸ்திரியாவுக்குத்தான் விண்ணப்பம். பல நிறுவனங்கள் ஓட்டல் பட்டியலைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்புதான் அனுப்பும். விசாவுக்கு அது போதாது. தேதிவாரியாக ஓட்டல் பெயரும் இருவர் பெயரும் உள்ள கடிதம் முன்பே கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைக்கிளை வாங்கும் கால் மணி நேரத்தில் அவசரப்பட்டால் வாரம் முழுக்க முழங்கால் வலிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் மடங்காமல் நீள வேண்டும். சீட்டின் உயரம் அதுதான். சாதாரண வாடகைச் சைக்கிளில் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே 7 கியர். இதில் இரண்டு வகை உண்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிப்பது ஒன்று, பின்னோக்கி மிதித்தால் சும்மா சுற்றும் ஃப்ரீவீல் மற்றது. பழகாதவர்களுக்கு முதல் வகை பெரும் தொல்லை, சிக்னலில் நின்று பெடலைப் பின்னால் சுற்றி வசதிப்படுத்திக்கொள்ள முடியாது. புக் பண்ணும்போதே ஃப்ரீவீல் என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று, அங்கே இடது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. உங்களுக்குப் பழகியது தலைகீழாக இருக்கலாம். காலி இடத்தில் நாலு முறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.

இருவருக்கும் இ-பைக் என்பது இந்தச் சமதளத்தில் வீண் செலவு. ஒருவர் பின்தங்குவார் என்றால் அவருக்கு மட்டும் எடுத்தால் போதும், வேகம் ஒத்துப்போகும். மோட்டார் உதவி மணிக்கு 25 கி.மீ.யோடு நின்றுவிடும். எடை 25 கிலோவை ஒட்டி இருக்கும். படகிலும் ரயிலிலும் ஏற்றும்போது அந்த எடை தெரியும்.

பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றவே முயலாதீர்கள். ஹப் கியரில் கியர் ஒயரைப் பிரித்து, 15 மி.மீ. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, மீண்டும் செயினை இழுத்து நேர்செய்ய வேண்டும். தரும் கிட்டில் பல நேரம் ஸ்பேனரே இருக்காது. சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து மங்கிய பிறகு ஒட்டுப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பத்து கி.மீ.யில் கிளம்பிவிடும். கிளம்பும் முன் பம்பு உங்கள் வால்வில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான சங்கதி. ஆற்றின் இரு கரையிலும் பாதை இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆப் ஒரு கோட்டைத்தான் காட்டும். எந்தக் கரை, ஏன் என்று சொல்லாது. இந்தப் பேக்கேஜ்களில் நாங்கள் காணும் பெரிய குறை இது.

பாசாவிலிருந்து முதல் நாள் வடகரை அமைதி. நீடர்ரன்னா பாலத்தில் தென்கரைக்கு மாறினால், ஆறு கிட்டத்தட்டத் திரும்பி வந்த வழியே போவதுபோல வளையும் ஷ்லோகனுக்கு நேராகப் போய்விடலாம். வளைவு சாலையிலிருந்து தெரியாது. ஊருக்கு மேலே உள்ள பார்வை மேடைக்கு அரை மணி ஏற வேண்டும், செருப்பு போதாது. இரண்டாம் நாள் ஒட்டன்ஸ்ஹைம் முதல் லின்ஸ் வரை நெடுஞ்சாலை ஓரம்; இரைச்சல், புகை, பார்க்க ஒன்றுமில்லை.

லின்ஸுக்கு அப்பால் மௌத்ஹவுசனில் நாஜி வதைமுகாம் நினைவிடம், குன்றின்மேல். சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடப்பது நல்லது. கைதிகள் கருங்கல் சுமந்து ஏறிய 186 படிகள் கல்குவாரியில் இருக்கின்றன. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அன்று வேறெதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். கிரைன் ஊருக்குப் பிறகு வடகரைப் பாதை கார் சாலையை ஒட்டியே ஓடும். தென்கரைக்கு மாறினால் இப்ஸ் வரை மரநிழல்.

மெல்க் ஊரின் கிறிஸ்தவத் துறவியர் மடம் 1089-இல் தொடங்கியது. இப்போது கண்ணில் படும் மஞ்சள் கட்டடம் 1702-இல் கட்டடக் கலைஞர் யாகோப் பிராண்ட்டவர் கட்டத் தொடங்கியது. இங்கிருந்து கிரெம்ஸ் வரை 36 கி.மீ. வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000 முதல் யுனெஸ்கோ பட்டியலில். முழுப் பாதையிலும் செழிப்பான இந்தத் துண்டுக்குப் பெரும்பாலான பேக்கேஜ்கள் ஒரே நாள் தருகின்றன. காலையில் மடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதியம் முழுக்கப் பறக்க வேண்டியதுதான். இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களான ஸ்பிட்ஸிலோ டியூர்ன்ஸ்டைனிலோ கூடுதலாக ஓர் இரவு கேளுங்கள். அதற்கு ஈடாக, கிரெம்ஸுக்கும் வியன்னாவுக்கும் இடையே உள்ள துல்னில் தங்கலை வெட்டி, கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் போகலாம்.

மெல்க்கிலிருந்து தென்கரையில் ஆர்ன்ஸ்டோர்ஃப் வரை, பிறகு படகில் ஸ்பிட்ஸுக்கு. அந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே மேலே கட்டிய கம்பியில் மாட்டியிருக்கும். சுக்கானைச் சற்றுச் சாய்த்ததும் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளும். சத்தமே இல்லை, பலகையில் தண்ணீர் மோதும் ஒலி மட்டும். வெள்ளம் வந்தால் நின்றுவிடும், மாலையில் சீக்கிரம் மூடிவிடும், சில்லறை யூரோ கையில் வேண்டும். வடகரையில் வைசென்கிர்ஹன், டியூர்ன்ஸ்டைன் வரை திராட்சைத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் வழி. டியூர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாட்டில்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1192-93 குளிர்காலத்தில் சிறையிருந்தார். ஊருக்குள் தெரு குறுகல், கற்கள் பதித்தது, கூட்டம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தோட்ட வீடுகளில் ஒயினும் குளிர்ந்த பலகாரமும் தரும் ஹோய்ரிகரில் வாசலில் பச்சைக் கிளை தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். சைவர்களுக்கு ரொட்டி, சீஸ் வகை, பிறகு உள்ளே முழு ஆப்ரிகாட் வைத்த மாரில்லன்க்னூடல் உருண்டை. மதியம் இரண்டுக்கும் மாலை ஐந்தரைக்கும் இடையே சின்ன ஊர்களில் சுடச்சுட எதுவும் கிடைக்காது. ஞாயிறு சூப்பர் மார்க்கெட் மூடல், சனிக்கிழமை மாலையே வாங்கி வைக்க வேண்டும்.

கிரெம்ஸுக்கு அப்பால் பாதை தட்டை, கொஞ்சம் அலுப்பு. ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. தென்கரையில் ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையம், கட்டி முடித்து ஒரு நாள்கூட ஓடாதது. 1978 நவம்பர் 5 வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சுற்றுச்சுவரை ஒட்டியே சைக்கிள் போகும்.

வியன்னாவுக்குள் டான்யூப் கால்வாய் ஓரமாக நுழைவது எளிது. நகரம் சுற்ற வாடகைச் சைக்கிளை வைத்துக்கொள்ளாமல் முதல் மாலையே திருப்பிவிடலாம். மெட்ரோவில் வார நாட்களில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை மூன்று முதல் ஆறரை வரையும் சைக்கிள் ஏற்ற அனுமதி இல்லை. பாசாவில் காரை விட்டவர்கள் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் திரும்பலாம். சொந்தச் சைக்கிளோடு என்றால் அதற்கும் இடம் முன்பதிவு செய்தாக வேண்டும், கோடையில் அந்த இடம்தான் முதலில் தீரும்.