சோடா மெஷின் நுரைத்தால் உடனே ரெகுலேட்டரை மாற்ற விடாதீர்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் பவுண்டன் சோடா மெஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு.

ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடையில் டம்ளருக்குப் பாதி நுரையாகவே விழுந்தது. வந்த மெக்கானிக் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரெகுலேட்டர் போச்சு" என்று, காஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தின்மேல் பழியைப் போட்டார். வேறொன்றைப் பூட்டி, அழுத்தத்தைக் குறைத்து, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு காசோடு போய்விட்டார். சாயங்காலம் நுரை அடங்கியது. மறுநாள் சோடாவில் காரமே இல்லை, நுரையும் திரும்ப வந்தது.

கோளாறு இருந்தது கண்டென்சரில், அதாவது குளிரூட்டும் பகுதியின் சூட்டை வெளியே விடும் தகட்டு அடுக்கில். உப்புக்காற்றும் மணல்தூசியும் சேர்ந்து அதன் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாது; கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குளிராது. குளிராத தண்ணீரில் காஸ் தங்காது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 5 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 2.8 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் அதில் பாதிகூட நிற்காது. அதனால்தான் குழாயைத் திறந்ததும் காஸ் நுரையாகப் பறந்துவிட்டு, டம்ளரில் சப்பென்ற தண்ணீர் மிஞ்சுகிறது. இந்த நிலையில் அழுத்தத்தைக் குறைத்தால் கரையும் காஸ் இன்னும் குறையும், அவ்வளவுதான்.

யாரையும் கூப்பிடும் முன் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் டம்ளரைக் கொட்டிவிடுங்கள், அது டியூபில் நின்று சூடான தண்ணீர். இரண்டாவதை அளந்து பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் குளிர்ச்சியில் குறையில்லை. 10-ஐத் தாண்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சரை மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தட்டித் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். கடலோரக் கடை என்றால் மாதம் ஒரு முறையாவது செய்யவேண்டிய வேலை இது.

நுரையும் அதிகம், குடித்தால் காரமும் தூக்கலாக இருக்கிறது என்றால் அழுத்தம் கூடியிருக்கிறது. மெஷினோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். முதல் டம்ளர் மட்டும் நுரைத்தால் டியூபும் குழாயும் சூடாக இருக்கின்றன, மெஷினில் கோளாறில்லை. ஒரு குழாயில் மட்டும் என்றால் சிரப் ஒட்டிய நாசில்தான் (குழாயின் வாய்). ராத்திரி கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். குழாயைப் பாதி திறந்து ஊற்றினாலும் நுரைக்கும், வேலைக்கு நிற்கும் பையனிடம் சொல்லிவையுங்கள்.

அந்த மெக்கானிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரிலும் எடை குறைவு. கேஜ் முள்ளைக் காட்டி "ஃபுல்" என்பார்கள், நம்பாதீர்கள். உள்ளே காஸ் திரவமாகக் கொஞ்சம் இருக்கும்வரை, எடை குறைந்தாலும் முள் இறங்காது: 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம், 30 டிகிரியில் சுமார் 72. முள் காட்டுவது சூட்டைத்தான். சிலிண்டர் கழுத்தில் காலி சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். தராசில் வைத்து அதைக் கழித்தால் வருவதுதான் காஸ். அந்த எடைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

ஒவ்வொரு ரீஃபில்லுக்கும் ரெகுலேட்டர் வாஷரைப் புதிதாகப் போட்டு, மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வை மூடுங்கள். அடைத்த சின்னக் கடையில் இந்தக் காஸ் நிறைந்தால் மூச்சு முட்டும். சிலிண்டர் எப்போதும் நின்றபடியே இருக்கட்டும், படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய் உறைந்துவிடும். அப்போது ரெகுலேட்டர் நிஜமாகவே போகும்.