ஜீவனி, இளநி, பச்சத்தண்ணி: ரெண்டு வருசம் சைக்கிள் ஓடினதில கண்டது

ரெண்டு வருசமா கிழமையில நாலு நாள் சைக்கிள் ஓடுறன், ஞாயிறு எண்டா மட்டக்களப்பு கல்லடியில இருந்து களுவாஞ்சிகுடி போய்த் திரும்பி வாற, கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் வரும். தொடக்கத்தில வெறும் பச்சத்தண்ணிதான், தாகம் வரமுதலே குடி குடி எண்டு யாரோ சொன்னதக் கேட்டு போத்தல் போத்தலா உள்ள விட்டன், வயிறு குடம் மாதிரி குலுங்கினதுதான் மிச்சம்.

போன வருசம் ஆடி மாசம், நல்ல கச்சான் காத்து. அது மலைப்பக்கம் மழையக் கொட்டிட்டு வறண்டு வாற காத்து, வேர்வை உடன காய்ஞ்சிரும், எவ்வளவு வேர்த்த எண்டே விளங்காது. செட்டிபாளையத்தில வரக்குள்ள வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிட்டு. ஒரு கடை வாசல்ல காலை நீட்டிக்கொண்டு இருக்கன், கறுப்பு டீசேட் முழுக்க வெள்ளை வெள்ளையா உப்புக்கோடு, கடைக்கார ஐயா "என்ன தம்பி, கருவாடு மாதிரி இரிக்கிறியே" எண்டு சிரிக்கிறார். பிடிப்புக்கு உப்பு மட்டும்தான் காரணம் எண்டு சொல்லேலாது, களைச்ச தசையும் பிடிக்கும், ஆனா அந்த டீசேட்டப் பார்த்த பிறகுதான் யோசிச்சன்.

பிறகு ஓட முதலும் பிறகும் நிறை பார்த்தன். ஒண்டரை மணித்தியாலத்தில 1.2 கிலோ குறைஞ்சிட்டு, நடுவில 750 மில்லி தண்ணியும் குடிச்சிருந்தன், அப்ப வேர்வை ரெண்டு லீட்டருக்குக் கிட்ட! தராசு வீட்டில இருந்தா இத ஒருக்காச் செஞ்சு பாருங்க.

ஜீவனி, அதான் வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் பக்கட், அதத் தொடங்கினதும் முதல் நாளே பிழை விட்டன், ஒரு லீட்டருக்குரிய பக்கட்ட அரை லீட்டர் போத்தல்ல கரைச்சா உப்புக் கரிச்சு வயித்தையும் கலக்கிட்டு. ஒரு பக்கட்டுக்கு ஒரு லீட்டர் எண்ட அளவு கட்டாயம், உலக சுகாதார நிறுவனம் 2002ல மாத்தின கணக்கில லீட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், ரெண்டும் சேர்ந்து போனாத்தான் குடல் தண்ணிய வேகமா இழுக்கும். கரைச்சத 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்காதீங்க.

செவ்விளநி? எனக்கு உயிர். ஆனா அதில பொட்டாசியம்தான் கூட, சோடியம் குறைவு, நமக்கு வேர்வையில கூடப் போறது சோடியம். அதால ஓடி முடிச்சு வந்து எருமைத்தயிர் கரைச்ச மோருக்கு உப்புப் போட்டுக் குடிப்பன், இளநி ஆசைக்கு.

ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியிற ஓட்டத்துக்கு ஒண்டும் வேணாம், தண்ணி காணும், அதுவும் தாகத்துக்கு. அளவுக்கு மிஞ்சிப் பச்சத்தண்ணி குடிச்சா ரத்தத்தில சோடியம் இறங்கி தலையிடி, சத்தி, மயக்கம் வரைக்கும் போகும், நான் முதல் செஞ்ச கூத்து அதுதான். அம்மாவுக்குப் பிரசர், அவக்கு ஜீவனி கரைச்சுக் குடுக்கிறேல்ல, பிரசர், கிட்னி வருத்தக்காரர் டொக்டரக் கேட்டிட்டுத் தொடுங்க.

இந்த வருசக் கச்சானும் தொடங்கிட்டு, சைக்கிளுக்கு ரெண்டாவது போத்தல் கூடு இன்னும் பூட்டல்ல.