கீழக்கரை அக்கா தச்சுக் குடுக்குற பிள்ளைக விளையாட்டுப் பை: நாலு மாசம் தூக்கிட்டு அலைஞ்சு பாத்ததுல

எனக்கு ரெண்டு பிள்ளைக, மூத்தவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டரை. நாங்க ராமநாதபுரம், மாமியார் வீடு ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடம், அதனால மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் பாம்பன் பாலத்தைத் தாண்டணும். 2022 டிசம்பர்ல ரயில் நின்னதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்குற வரைக்கும் பஸ்ஸுதான், பஸ்ஸுன்னா போனுதான், போனைத் திருப்பி வாங்குனா சின்னவன் அழுது அழுது வாந்தியே எடுத்துருவான். கலரிங் புக்கு, கிரையான்னு வாங்கிப் பாத்தேன், கிரையான் கார்ல உருகி சீட்டுல ஒட்டுச்சு, பேப்பரெல்லாம் அரியமான் பீச்சுல அடிச்ச காத்துல போயே போச்சு, மூத்தவ அது பின்னாடியே தண்ணிப்பக்கம் ஓடுனதுல எனக்கு உசுரே இல்ல.

அப்பதான் எங்க மயினி சொல்லி கீழக்கரையில வீட்டுல வச்சே தைக்கிற ஒரு அக்காட்ட இந்தப் பையை வாங்குனேன், 380 ரூபா. காடாத் துணிப் பை, பிள்ளையே தோள்ல மாட்டிக்கிற அளவுதான், உள்ள அஞ்சு சாமான், முக்கியமா எல்லாமே நாடாவால பையோட கட்டியிருக்கு. இந்த ஒண்ணுக்காகவே அந்த அக்காவுக்குக் கோடி நன்றி சொல்லலாம், நம்ம கடக்கரைக் காத்தை அனுபவிச்சவங்களுக்குத்தான் இப்படித் தைக்கத் தோணும்.

உள்ள இருக்குறதுல எங்க வீட்டுல ஓடிக்கிட்டே இருக்குறது மீன் கோர்வை. ஒரு ரிப்பன், அதோட ஒரு முனையில பெரிய பட்டன், கெட்டித் துணியில வெட்டுன பத்துப் பன்னெண்டு மீனு, ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு கீறல். பட்டனைக் கீறல் வழியா நுழைச்சு நுழைச்சு மீனைக் கோக்கணும், கரையில ஓலையில மீனைக் கோத்துத் தூக்கிட்டு வருவாங்கள்ல, அதே மாதிரி. சின்னவன் இதுக்குன்னே பொறந்த மாதிரி உக்காந்துட்டான், மண்டபம் ஊர்ல இருந்து தங்கச்சிமடம் வரைக்கும் கோக்குறதும் உருவுறதுமா வந்தான், அப்புறம் வீட்டுல சட்டைப் பட்டனைத் தானே போட ஆரம்பிச்சான், அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மூத்தவளுக்கு துணிப் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழா 14 குழிக்குப் பதிலா 14 சின்ன பாக்கெட், பாய் மாதிரி சுருட்டிக் கட்டிக்கலாம். குழிக்கு அஞ்சு வச்சா 70 சோழி, அதை எண்ணி நிரப்புறதுலயே கால் மணி நேரம் போயிரும். ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாதே, மாமியார் 22 தீர்த்தமும் ஆடிட்டு வர்ற வரைக்கும் பிரகாரத்துல ஒரு ஓரமா நானும் அவளும் மூணு ஆட்டம் ஆடுனோம், பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அப்பத்தா வந்து அவளுக்கு எங்க நிறுத்தணும் எங்க அள்ளணும்னு சொல்லிக் குடுத்துச்சு.

இன்னொண்ணு தேடுற அட்டை. நண்டு வளை, சிப்பி, பாசி, வல்லம்ங்கிற படகு, வலை, பூநாரைன்னு கையால வரைஞ்சு மேல பிளாஸ்டிக் ஒட்டியிருக்காங்க, கண்டுபிடிச்சா அந்தப் படத்துல துணி காயப்போடுற கிளிப்பை மாட்டணும். பேனா வேணாம், காத்துல பறக்காது, கிளிப்பை அமுக்குறதுல பிஞ்சு விரலுக்குப் பலமும் வருது. தனுஷ்கோடி போனப்ப கோதண்டராமர் கோயில்கிட்ட தண்ணிக்குள்ள பூநாரைக் கூட்டம் நின்னுச்சு, மூத்தவ போட்ட கூச்சல்ல டிரைவர் அண்ணனே வண்டியை ஓரங்கட்டிட்டாரு. அட்டையில பவளம் மட்டும் இல்ல, ஏன்க்கான்னு கேட்டேன், "அது சட்டப்படி எடுக்கக்கூடாததும்மா, படத்துல போட்டா பிள்ளைக பெறக்கிட்டு வந்துருங்க"ன்னாங்க. உண்மைதான், கரையில செத்துக் கிடக்குற வெள்ளைப் பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

சிலேட்டும் பிரஷும் இருக்கு, தண்ணியில தொட்டு எழுதணும், வெயில்ல எழுதுன சூட்டுலயே காஞ்சிரும், திரும்ப எழுதலாம், கையில கறை இல்ல. ஓடுற பஸ்ஸுல மட்டும் வேணாம், மடியெல்லாம் தண்ணி. படகு மாதிரி வெட்டுன ஓட்டை அட்டையில ஷூ லேஸ் கோக்குறது சுமார்தான், ரெண்டு பேருக்குமே பிடிக்கல, லேஸ் முனை பிரிஞ்சிருச்சு.

இப்ப குறை. ரெண்டாவது மாசமே ரிப்பன்ல இருந்த பட்டன் தையல் விட்டுருச்சு, நான் பாக்குறப்ப சின்னவன் வாய்க்கிட்ட இருந்துச்சு, வெறும் தையல் நூல் போட்டிருக்காங்க. அக்காட்ட போன்ல சொன்னேன், பதறிப்போய் பையை வாங்கி வலை முடையுற நைலான் நூல்ல இழுத்துத் தச்சுக் குடுத்தாங்க, காசு வாங்கல. இப்ப நான் தொங்கி இழுத்தாலும் வரல. ஆனா சோழி விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன், மூணு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்குற வீட்டுக்கு அதைக் குடுக்கவே கூடாது. டிஷ்யூ ரோல் நடுவுல ஒரு அட்டைக் குழாய் இருக்கும்ல, அதுக்குள்ள போற எதுவும் அந்த வயசுப் பிள்ளை தொண்டையில சிக்கலாம், சோழி சர்ருன்னு உள்ள போகுது. நான் சோழியைத் தனி டப்பாவுல போட்டு என் கைப்பையில வச்சுக்கிறேன், சின்னவன் தூங்குனாத்தான் வெளிய வரும். பையோட ஜிப்பும் உப்புக்காத்துல துருப்பிடிச்சு இறுகிருச்சு, மெழுகுவத்தி தேச்சு ஓட்டுறேன், நாடா முடிச்சு வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

380 ரூபா குடுக்கலாமான்னா தாராளமா குடுக்கலாம். மிஷின் இருக்குறவங்க மீன் கோர்வையையும் கிளிப் அட்டையையும் ஒரு மத்தியானத்துல வீட்டுலயே பண்ணிரலாம், நானே தங்கச்சி மகனுக்குப் பழைய ஜீன்ஸை வெட்டிப் பண்ணிக் குடுத்தேன். பல்லாங்குழிதான் கஷ்டம், 14 பாக்கெட்டும் ஒரே அளவா வரல, அதை மட்டும் அக்காட்டயே தனியா வாங்கிட்டேன், 150 ரூபா.

புதுப் பாலத்துல ரயில் ஏறுறப்ப மட்டும் பையைத் திறக்காதீங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல தூக்கிப் பாலத்தோட கோபுரம், பிள்ளைக ஜன்னலை விட்டு நகராதுங்க. வாங்குறவங்க வயசைச் சொல்லியே ஆர்டர் குடுங்க, சின்னப் பிள்ளைன்னா சோழிக்குப் பதிலா பெரிய துணி உருண்டை தச்சுத் தர்றேன்னு இப்ப அக்கா சொல்லியிருக்காங்க.