சிறு ஆலைக்குச் சிங்கிள் பேஸா, திறீ பேஸா?

கிளிநொச்சியில் மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் சிறு ஆலைக்கு ஏழரைக் குதிரைவலு மோட்டர் பூட்ட வேண்டி வந்தபோது நான் மின்னேறிய மூன்று கம்பிகளில் வரும் திறீ பேஸ் இணைப்பையே எடுத்தேன். என் சாய்வும் அந்தப் பக்கமே.

மின்னேறிய ஒரே கம்பியில் வரும் சிங்கிள் பேஸின் வசதி தெரிந்ததே: 230 வோல்ற் ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கிறது. கிணற்றில் இறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டருக்கு அதற்குமேல் தேவையில்லை. ஆனால் ஏழரைக் குதிரைவலு மோட்டர் முழுச்சுமையில் 30 அம்பியருக்கும் மேல் இழுக்கும். திறீ பேஸில், 120 பாகை இடைவெளியில் மாறிமாறி உச்சம் தொடும் மூன்று கம்பிகளுக்கிடையே 400 வோல்ற் இருப்பதால், கம்பிக்கு ஏறத்தாழ 11 அம்பியரே போதும்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. சிங்கிள் பேஸ் மோட்டரின் காந்தப்புலம் தானாகச் சுழலாது, ஏறி இறங்கும்; ஆகவே தொடக்கி விடுவதற்கு மின்னைத் தேக்கித் தரும் கப்பாசிற்றரும், வேகம் பிடித்ததும் அதைக் கழற்றிவிடும் உள் சுவிட்சும் வேண்டும். மாத்தூசி படிந்து அந்தச் சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கப்பாசிற்றர் சுற்றிலேயே கிடந்து சூடேறி வீங்கும். நீண்ட லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: வோல்ற்றளவு பத்திலொன்று குறைந்தாலே தொடக்க முறுக்குவிசை ஏறத்தாழ ஐந்திலொன்று குறைவதால், மாலையில் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். இந்தக் குறைவு திறீ பேஸ் மோட்டரையும் தாக்கும். ஆனால் புலம் தானே சுழல்வதால் அதற்குள் சுவிட்சோ கப்பாசிற்றரோ இல்லை, தேய்வதென்று பார்த்தால் பெயரிங்குகள் மட்டுமே. தலைகீழாகச் சுற்றினால் எந்த இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பூட்டினால் சரி.

அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. ஓடும்போது ஒரு பேஸ் போனால் மோட்டர் நிற்காது. மற்ற இரண்டிலும் கூடுதல் மின்னை இழுத்து, சுற்றுகள் கருகும்வரை ஓடும். மின் அளவு மீறினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் றிலேயும் பேஸ் இழப்பைக் காணும் றிலேயும் இல்லாத ஸ்ராட்டரோடு (மோட்டரை இயக்கி நிறுத்தும் சுவிட்சுப் பெட்டியோடு) திறீ பேஸ் எடுப்பதிலும் சிங்கிள் பேஸிலேயே இருப்பது மேல்.

சிங்கிள் பேஸை வாங்கித் திறீ பேஸாகக் கொடுக்கும் இன்வேட்டரும் உண்டு. மோட்டர் தகட்டில் 230/400 என்றிருந்தால், சுற்றுகளை முக்கோணமாக இணைக்கும் டெல்ரா முறையில் பூட்டி 230 வோல்ற்றிலேயே ஓட்டலாம். நீர் இறைக்கும் சிறு மோட்டர் ஒன்றில் அது நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்; மாத்தூசிக்குள் எத்தனை போகம் தாங்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. உங்கள் ஒழுங்கைக்கு இன்னும் சிங்கிள் பேஸ் லைன் மட்டுமே வந்திருந்தால், லைன் நீட்டும் செலவை மின்சார சபையிடம் கேட்டு இன்வேட்டரின் விலையோடு வைத்துப் பார்த்த பின்னரே மோட்டரை வாங்குங்கள்.