3,850 ரூபாய் சைக்கிள் மீற்றர்: நான்கு மாதப் பாவனைக்குப் பின்

நான்கு மாதங்களுக்கு முன் திருகோணமலைக் கடைத்தெருவிலுள்ள ஒரு சைக்கிள் கடையில், வேகத்தையும் ஓடிய தூரத்தையும் காட்டும் வயர் இணைப்புள்ள சிறிய மீற்றர் ஒன்றை 3,850 ரூபாய்க்கு வாங்கினேன். முன்சில்லின் கம்பி ஒன்றில் ஒரு காந்தமும், சில்லைத் தாங்கும் கவையில் ஓர் உணரியும் பொருத்தப்படுகின்றன. காந்தம் உணரியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையையும் ஒரு சுற்றாக எண்ணி, நாம் பதிந்து வைத்த சில்லின் பரிதியால், அதாவது சுற்றளவால், அதைப் பெருக்கித் தூரத்தைக் காட்டுவதே அதன் முழு வேலை. ஆகவே பரிதி பிழையானால், எண்ணிக்கை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தூரம் பிழைத்துவிடும். என்னுடைய மனக்குறையும் அங்கேதான் தொடங்கியது.

கடையில் பொருத்தித் தந்தவர் வயரை பிரேக் கேபிளோடு சேர்த்துச் சுற்றி, வேலையை மிகத் துப்புரவாகவே செய்தார். ஆனால் ரயர் என்ன அளவு என்று கேட்டு, நான் 26 என்றதும், வேறெதுவும் கேளாமல் 2075 என்று பதிந்துவிட்டார். 26 அங்குலத்தை மில்லிமீற்றராக்கினால் 660.4, அதைப் பையால் (π) பெருக்கினால் 2075. கணக்குச் சரி. எனினும் 1.75 அங்குல ரயரும் 2.125 அங்குல ரயரும் 26 என்ற அதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவற்றின் உயரமோ வேறு வேறு. என்னுடையது 1.75.

கிண்ணியாப் பாலத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பாதை என்னும் மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்த காலத்தை மறக்காத எங்களுக்கு, 2009 இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர் என்பது மனப்பாடம். இரண்டு முறை கடந்து பார்த்தேன், ஒருமுறை 0.40, மறுமுறை 0.41 கிலோமீற்றர் என்று காட்டியது. பத்துப் பதினைந்து மீற்றர் வரையான வித்தியாசத்தை, தொடங்கிய இடமும் முடித்த இடமும் சற்றுப் பிசகியிருக்கும் என்று விட்டுவிடலாம். எனக்கு விட மனம் வரவில்லை.

வீட்டுச் சீமெந்துத் தரையில் அளந்தேன். ரயரில் ஈரச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, சைக்கிளில் ஏறி அமர்ந்து நேராக ஓட்டினால், சுற்றுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தரையில் விழும். முதற் புள்ளியிலிருந்து ஆறாவது புள்ளி வரை, அதாவது ஐந்து சுற்றுகளுக்கு, 10.11 மீற்றர் வந்தது. ஒரு சுற்றுக்கு 2022 மில்லிமீற்றர். ஏறாமல் உருட்டிச் சென்றபோது 10.17 மீற்றர் வந்தது. ஆளின் பாரத்தில் ரயர் அமுங்குவதால் வரும் குறைவு அது. ஆகையால் ஏறி அமர்ந்து அளப்பதே முறை, காற்றும் வழமையான அளவுக்கு அடித்திருக்க வேண்டும். 2075க்கும் 2022க்கும் இடையிலுள்ள 53 மில்லிமீற்றர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நூறு கிலோமீற்றர் ஓடியவருக்கு மீற்றர் ஏறத்தாழ 102.6 என்று காட்டும். அது காட்டும் வேகமும் அதே வீதத்தில் கூடிவிடும்.

2022 ஐப் பதிந்த பின் மீற்றரில் எனக்குக் குறையில்லை என்றே சொல்ல வேண்டும். நிலாவெளி வீதியின் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிட்டபோது அது கல்லுக்குக் கல் ஒத்துப்போனது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் தடவை சுழல்கிறது. அதில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எண்ணுவது இந்த விலைக்குப் பெரிய விடயம். உப்புவெளிப் பக்கம் மணலில் இறங்கி ஏறியதில் ஒருமுறை உணரி விலகி எண்ணிக்கை நின்றது. காந்தத்துக்கு நெருக்கமாகத் திருப்பி வைத்ததும் சரியாயிற்று. உச்சி வெயிலில் இலக்கங்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு இந்த மீற்றரைத் தயங்காமல் சொல்வேன்; கடையில் பதிந்து தரும் எண்ணை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். பற்றரியைக் கழற்றினால் பதிந்த பரிதியும் அழிந்துவிடுகிறது. மழைத் தண்ணீர் இறங்கிய ஒருநாள் அதைக் கழற்றித் துடைக்க நேர்ந்தபின், 2022 என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஹாண்டிலின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.