மனு மறுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் புத்தகங்கள்

தரவும் அல்காரிதமும் (கணினி முடிவெடுக்கப் பின்பற்றும் விதிமுறைகள்) நாளைய சமூகத்தை என்ன செய்யப்போகின்றன என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, வர்ஜீனியா யூபேங்க்ஸ் எழுதி 2018-இல் வெளியான 'ஆட்டோமேட்டிங் இன்ஈக்வாலிட்டி'. வட்ட வழங்கல் அலுவலகத்தில் குடும்ப அட்டை மனுக்களைச் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பறக்கும் கார்களைப் பற்றிய நூல்கள் என்னை ஈர்ப்பதில்லை. மனு கொடுத்தவரின் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கும் புத்தகம்தான் எனக்கு வேண்டும்.

யூபேங்க்ஸ் அமெரிக்காவில் மூன்று இடங்களுக்குப் போகிறார். முதலாவது இண்டியானா. உணவு உதவி, மருத்துவ உதவி மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையை 2006-இல் அம்மாநில அரசு ஐபிஎம் தலைமையிலான நிறுவனங்களிடம் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. அதுவரை ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையும் தெரிந்த ஓர் அலுவலர் இருந்தார். அவர் இடத்துக்குக் கணினி முறையும் அழைப்பு மையமும் வந்தன. ஒரு தாள் தொலைந்தாலும், ஒரு கையெழுத்து விடுபட்டாலும், 'ஒத்துழைக்கத் தவறினார்' என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நிராகரிப்புகள். முந்தைய மூன்றாண்டுகளைவிட 54 சதவீதம் அதிகம். எவன்ஸ்வில் நகரத்துப் பெண் ஒருவர் சினைப்பைப் புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்தபோது தொலைபேசி நேர்காணலைத் தவறவிட்டார். தகவல் சொல்லியும் உதவியை நிறுத்திவிட்டார்கள். 2009 மார்ச் 1 அன்று அவர் இறந்தார். அவரது மேல்முறையீடு வென்றது மார்ச் 2 அன்று.

மனுவைத் திருப்பும்போது என்ன குறை என்று எழுதித் தரவேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கும் சொல்லித்தரும் முதல் பாடம். இண்டியானா ஒழித்துக்கட்டியது அந்த ஒரு வரியைத்தான். குறை எதுவென்றே தெரியாதவர் எதைத் திருத்திக் கொண்டுவருவார்? ரேஷன் கடையில் தேய்ந்துபோன ரேகை கருவியில் பதியாமல், விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இண்டியானா தூரத்து ஊராகத் தோன்றாது.

லாஸ் ஏஞ்சலிஸ் அத்தியாயம் வீடு ஒதுக்குவதற்காக வீடற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் முறையைப் பற்றியது. நடுவில் மதிப்பெண் பெறுகிறவர்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத் தெருவிலேயே காத்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில், குழந்தைக்கு ஆபத்து நேருமா என்பதை 1 முதல் 20 வரை எண்ணாகச் சொல்கிறது ஒரு மென்பொருள். அரசு உதவியை நாடியவர்களின் பதிவுகளே அதற்குத் தீனி. தனியார் மருத்துவரிடம் போகும் வசதியுள்ள குடும்பத்தின் சிக்கல் அதன் கண்ணில் படுவதில்லை. புத்தகத்தின் மிகக் கூர்மையான வாதம் இதுதான்.

முடிவுப் பகுதி எனக்குப் போதவில்லை. பொறியாளர்கள் தீங்கு செய்யமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறார். உறுதிமொழியை மீறினால் யாரிடம் முறையிடுவது? காரணத்தை எழுத்தில் பெறும் உரிமையும், பதில் சொல்ல ஒரு மனிதரும் வேண்டும் என்று அவர் இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் ஆங்கிலம் எளிமையானது. ஆய்வு நூல்களின் இறுக்கம் இல்லை.

அடுத்து, கேத்தி ஓ'நீலின் 'வெப்பன்ஸ் ஆஃப் மேத் டிஸ்ட்ரக்‌ஷன்' (2016). கணிதம் கற்பித்து, நிதி நிறுவனத்தில் வேலை பார்த்து, மனம் வெதும்பி வெளியேறியவர். வாஷிங்டனில் தலைமையாசிரியரும் பெற்றோரும் பாராட்டிய ஓர் ஆசிரியை, மதிப்பீட்டுச் சூத்திரம் குறைத்துச் சொன்னதால் வேலை இழந்த கதை இதில் இருக்கிறது. ஆசிரியர்கள் இதை முதலில் எடுக்கலாம். பிற்பகுதியில் சொன்னதையே சொல்கிறார், தாண்டிப் போகலாம்.

மேரி கிரே, சித்தார்த் சூரி எழுதிய 'கோஸ்ட் வொர்க்' (2019) நம் வீடுகளுக்கே வருகிறது. இயந்திரம் தானாகச் செய்வதாக நாம் நம்பும் வேலைகளின் பின்னால் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் கணினி முன் அமர்ந்திருப்பவர்களைக் காட்டுகிறது. மின்பொறியாளராக இருந்து வேலையை விட்ட ஒரு தாய், ஆபாசச் சொற்களைப் பிரிக்கும் பணியில் புரியாத வார்த்தைகளைத் தன் பதின்வயது மகன்களிடம் கேட்கும் பகுதியை மறக்க முடியவில்லை. தரவுகளைக் குறியிடும் வேலையை வீட்டிலிருந்து செய்பவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், யூபேங்க்ஸுக்கு முன்பே இதை வாங்கிக் கொடுங்கள். வேலை தரும் இணையதளத்தில் தங்கள் கணக்கு ஒரு நாள் காரணமின்றி முடக்கப்பட்டால் கேட்க ஆள் இல்லை என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.