காதை மூடிக்கொள்ளும் பிள்ளையோடு ஊருக்குப் போய்வந்தோம்

மகனுக்கு ஆட்டிசம். சத்தமும் வெளிச்சமும் அவனுக்கு வலி. ஆனால் சுற்றச் சொன்னால் தலையே சுற்றாது, கீழே விழுந்து முட்டி சிராய்த்தாலும் தெரியாது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கும் என்பதைத்தான் பலருக்குப் புரியவைக்க முடிவதில்லை.

புறப்பட்ட விமான நிலையத்தில், மகன் கழுத்தில் கிடந்த, சூரியகாந்திப் பூ போட்ட பட்டையைப் பார்த்ததுமே தனி வரிசைக்கு அனுப்பினார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. திரும்பி வரும்போது ஊரில், "இது எந்தக் கம்பெனி ஐடி கார்டு?" என்றார் ஒரு ஊழியர். விளக்கினேன். அவ்வளவுதான், சோதனைக் கருவியையே மகன் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கவிட்டார். "பட்டும் படாமலும் தொடாதீர்கள், அழுத்தியே தொடுங்கள்" என்றதையும் கேட்டுக்கொண்டார். லேசான தொடுதல்தான் இவனுக்குக் கூசும். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் மட்டும் வழக்கம்போல எங்களை வெளியே விரட்டியது.

ஒரு தெரபி மையத்துக்கும் போனோம். ஊஞ்சல், பந்துத் தொட்டி, தோலில் தேய்க்கும் பிரஷ் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அட்டவணை. ஊஞ்சலுக்கு ஏங்கும் பிள்ளைக்கும் அதில் ஏறினாலே குமட்டும் பிள்ளைக்கும் அதே பத்து நிமிடம்! இப்படி ஊஞ்சல், தொடுதல் வழியாகப் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு முறையை உருவாக்கிய அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வலியுறுத்தியதே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக மதிப்பிட வேண்டும் என்பதைத்தான். அங்கிருந்த ஒருவர் "பிடிவாதம், கண்டித்தால் சரியாகிவிடும்" என்று வேறு சொன்னார். புலன் தூண்டல்களுக்கு அளவு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடே ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்துவிட்டது. இன்னும் பிடிவாதமா?

எதிர்பார்க்காத இடம் பல் டாக்டர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். எக்ஸ்ரே எடுக்கும்போது போடும் கனமான ஏப்ரனை மார்பில் போர்த்தினார். அந்தப் பாரம் இவனுக்கு ஆறுதல். இயந்திரத்தை முதலில் வாய்க்கு வெளியே ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்தார். "ஐந்து எண்ணுவேன், அப்புறம் நிறுத்திவிடுவேன்" என்றார். வேலை பாதியில் நின்றாலும் ஐந்தில் நிறுத்தினார். மூன்றாவது சுற்றில் எண்ணியது மகன்தான்.

உங்களுக்கும் இப்படிப் பிள்ளை இருந்தால், காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். காத்திருக்கும் அறை காலியாக இருக்கும், டிவியும் ஓடாது.